மாணாக்கரும் காலப் பங்கீடும்

காலம் பொன்னினும் சிறந்தது என்பதைப் பள்ளிப் பருவந்தொட்டுக் கேட்டு வருகின்றோம். ஆயின், அப்பொன்னில் நம் கைக்கு வந்து சேர்வது எத்துணை என்று நிறுத்துப் பார்த்தோர் நம்முள் மிகச் சிலரே. மாணாக்கர்க்குக் காலப் பங்கீடு கற்பிக்க முன்வரும் பெரியோர் பலரும், நாள் முழுவதும் தனக்கே உரிய ஒரு மாணாக்கனை மனத்திற்கொண்டு பேசுகின்றனர். அவன் விடுதியில் உறைபவன். மணியடித்தால் உணவு பெறுபவன். கதவடைத்துப் படிக்க அறையுடையவன். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் திருச்சிராப்பள்ளிக்கு வந்து பயிலும் எம்மனோர்க்கு அவ்வறிவுரை முற்றும் பொருந்துவதன்று. பொருந்துவது யாது என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

முதற்கண் கணக்கைப் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணி. உறக்கத்துக்கு நாளொன்றுக்கு 7 மணியாக 49 கழியும். கல்லூரி வகுப்பு நாளைக்கு 5 மணியாக ஆறு நாளைக்கு 30. அரியலூரிலிருந்து வருவோர் ரயிலேறிப் புள்ளம்பாடி, லால்குடி, திருவரங்கம் கடந்து வருகின்றனர். பெரம்பலூர் நகருக்கு ரயில் இன்மையால் அங்குள்ளோர் பாடாலூர், சமயபுரம் வழியாகப் பஸ்ஸில் வருகின்றனர். வீட்டிலிருந்து நிலையத்துக்குச் செல்லுதலும் காத்திருத்தலும் கூட்டிப் போக வர நாளொன்றுக்கு 4 மணி எனக் கொண்டால், வாரத்துக்கு 24. நீராடல், உண்டல் முதலியவற்றுக்கு 21. ஆடுமாடு பேணல், தண்ணீர் எடுத்தல், சமையலுக்கு உதவல், வயல்வேலை ஆகியவற்றுக்கு நாளைக்கு 3 மணியாக மேலும் 21. ஆக 145 மணி போக, எஞ்சுவது 23 மணியே. நாளொன்றுக்கு மூன்றேகால் மணிக்குச் சற்று மிகுதி. இதுவே நமக்குரிய காணி. இதன் எல்லையறியாது, நாளொன்றுக்கு எட்டு மணி படிப்பதாக அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுவோர் மூன்றாம் நாளே அதனைக் கிழித்தெறிவது வியப்பன்று.

இக்காணியும் ஆண்டு முழுவதும் ஒரே அளவாய் நிற்பதில்லை. பெரம்பலூர் வட்டாரத்து மானாவாரி நிலங்களில் மக்காச்சோளம் பெரும்பாலும் புரட்டாசி மழையை நம்பி விதைக்கப்படுவது; அதற்குக் களையெடுக்குங் காலம் ஐப்பசி. பருவத்தேர்வு வருவதோ நவம்பரில், அஃதாவது ஐப்பசி கார்த்திகையில். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காடுகளில் கொட்டை பொறுக்குங் காலம் பங்குனி சித்திரை. மற்றைப் பருவத்தேர்வு ஏப்ரலில். பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியும் நிலத்தின் நாட்காட்டியும் இங்ஙனம் ஆண்டுக்கு இருமுறை மோதிக்கொள்கின்றன. மோதுங்கால் தோற்பது பெரும்பாலும் படிப்பே. ஏனெனில் பயிர் காத்திராது. கூலியாள் வைக்க எல்லா வீட்டிலும் பொருளில்லை. ஒரு பாடத்தில் தவறினால் மறுதேர்வுக் கட்டணம், அடுத்த பருவத்தில் இரட்டைச் சுமை, அதன்மேல் 'படித்தது போதும்' என்னும் உற்றார் சொல். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைக்கு, அதுவும் பெண்பிள்ளைக்கு, அச்சொல்லே படிப்பின் முடிவாய் அமைதலும் உண்டு.

இனி, செய்வது யாது? திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்களை 48, 49, 50 என அடுத்தடுத்து வைத்தார். அவை வேந்தனை நோக்கியவையேனும் மாணாக்கர்க்கும் வழிகாட்ட வல்லன.

வலியறிதலாவது, நம் அறிவு தெளிந்திருக்கும் வேளை எது என்றறிதல். சிலர்க்கு அது விடியற்காலை. சிலர்க்கு ஊரடங்கிய இரவு. அவ்வேளையில் ஒரு மணியைக் கடினமான பாடத்துக்கே உரியதாக்கல் வேண்டும். அதனைக் குறிப்புப் படியெடுப்பதிலும் கைப்பேசியை நோக்குவதிலும் கழித்தல் விதைநெல்லைக் குற்றி உண்பதனை ஒக்கும்.

இடனறிதலாவது, எவ்விடத்தில் எவ்வேலை இயலும் என்றறிதல். நெரிசல் மிக்க ரயிலில் நின்றவாறு புதிய கணக்கொன்றைப் பயில இயலாது. ஆயின், காலையில் படித்ததையும் வகுப்பில் கேட்டதையும் நூலைத் திறவாமலே நினைவிற் கொணர்ந்து பார்க்க இயலும். ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் அமெரிக்க உளநூலறிஞர் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தோரினும், ஒருமுறை படித்துப் பின் நினைவினின்று எழுதிப் பார்த்தோர் ஒரு வாரங் கழித்து மிகுதியும் நினைவு கொண்டிருந்தமை புலனாயிற்று. இம்முறைக்கு இருக்கை வேண்டா; விளக்கு வேண்டா. புள்ளம்பாடியிலிருந்து லால்குடி வரை உள்ள தொலைவே ஒரு பாடத்தை மனத்தில் ஓட்டிப் பார்க்கப் போதியதாம். வீணெனக் கருதிய வழிநேரத்தில் ஒரு பகுதி இவ்வாறு நமக்கு மீளும்.

காலமறிதலே மூன்றனுள்ளும் கடினமானது. ஏனெனில் அது நம் ஒருவர் கையில் மட்டும் இல்லை. எம்மோடு பயிலும் ஆண்டிமடம் பக்கத்துத் தோழி ஒருத்தி செய்ததை ஈண்டுக் குறிப்பிடல் தகும். தேர்வு அட்டவணை வெளிவந்த அன்றே அவள் அதனை வீட்டிற்குக் கொண்டு சென்று, நாட்காட்டியில் தேர்வு நாள்களையும் அவற்றின் முன்னாள்களையும் வட்டமிட்டாள். "அப்பா, இந்தப் பத்து நாள் மட்டும் எனக்கு, மற்ற நாளெல்லாம் விடியுமுன் காட்டுக்கு வருகிறேன்" என்றாள். தந்தையார் சிறிது நேரம் அதனை நோக்கியிருந்து, "இதை முன்னமே சொன்னால் சித்தியை வரச்சொல்லலாமே" என்றார். சித்தி வந்தார், கொட்டையும் பொறுக்கப்பட்டது, தேர்வும் எழுதப்பட்டது. பெற்றோர் பலர்க்குத் தேர்வென்று ஒன்றுண்டு என்பது தெரியும். அது எந்நாள் என்பது தெரியாது. எந்நாளில் மழை, எந்நாளில் அறுவடை என்று முன்னறிந்து வேலையைப் பங்கிடுவதில் வல்லவர் அவர். அவரிடம் நாளை மறைத்துவிட்டு, வேலை தருகின்றாரே என்று வருந்துதல் முறையன்று. ஆதலின் காலப் பங்கீடு என்பது தனியொருவர் ஒளித்து எழுதும் அட்டவணையன்று. வீட்டாரோடு கலந்து செய்துகொள்ளும் உடன்படிக்கையாம்.

ஓய்வு கிடைத்த பின்னரே கற்போம் என்பாரும் உளர். அவர் தம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியை நினைத்தல் நலம். இத்தாலியில் பிறந்து 1710-இல் இந்தியா போந்த வீரமாமுனிவர் பணியாற்றிய திருக்காவலூர் அதுவே. மறைப்பணியும் வழிப்பயணமும் ஓயாத வாழ்விடையே, தாய்மொழியல்லாத தமிழைக் கற்று, 3,615 பாடல்களாலாகிய தேம்பாவணியை இயற்றினார்; 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். அத்துணைப் பெருநூல்களும் ஒழிந்த நேரம் வருமென்று காத்திருந்து செய்யப்பட்டவையல்ல.

உறக்கத்தைக் குறைத்தும், திருவிழாவையும் தோழரோடு பேசும் பேச்சையும் முற்றத் துறந்தும் படிக்குமாறு யாம் கூறவில்லை. அவை வாழ்விற்கு உரமாவன. காணி சிறிதென்று அறிந்தவன் வரப்பைச் செப்பமாக வைத்துக்கொள்வான். அவ்வளவே நாம் வேண்டுவது. ஆகவே, மாணாக்கத் தோழர்களே, வருகின்ற பருவத்தின் தொடக்கத்தில் நமக்கு எஞ்சும் மணி எத்துணை என ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்; அதனுள் சிறந்ததை அரிய பாடத்துக்கு ஒதுக்குவோம்; தேர்வு நாளை இல்லத்தார்க்கு முன்னரே அறிவிப்போம். வயலும் வாழும், படிப்பும் வாழும்.