கொழும்பில் ஜக்கெட் வாங்க வேண்டாம்

அன்புள்ள அக்கா,

ஜனவரியில் மகள் படிக்க வருகிறாள், கொழும்புக்குப் போய் நல்ல தோல் ஜக்கெட் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அந்தக் காசை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். ரொறன்ரோவில் ஜனவரி இரவென்றால் மைனஸ் 7 பாகை சாதாரணம், மைனஸ் 20க்குப் போகிற நாளும் வரும். அதற்குத் தோல் ஜக்கெட் தாங்காது.

உடம்போடு ஒட்டிக் கிடக்கும் உடுப்புத்தான் முதலில் முக்கியம். பருத்தி கூடவே கூடாது. பஸ்ஸுக்கு ஓடி வியர்த்துவிட்டுத் தரிப்பில் பத்து நிமிடம் நின்றால், பருத்தி குடித்த வியர்வையே குளிரை உள்ளே இழுத்துவிடும். பொலியெஸ்டரிலோ மெரினோ கம்பளியிலோ செய்த மெல்லிய தேர்மல், மேலே ஒரு கம்பளி ஸ்வெற்றர், அதற்கு மேல் முழங்கால் வரைக்கும் காற்று புகாத கோட். இவ்வளவுதான்.

அந்தக் கோட்டைத் தேடும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. பெண்கள் பகுதியில் தொங்குகிற மலிவுக் கோட்டுகளில் பாதி இடுப்போடு முடிந்துவிடும், பொக்கற்றில் கை முழுதாக நுழையாது. காலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலை வேலைக்குப் பஸ் பிடிக்கிற எங்கள் பெண்களை நினைத்து இவற்றை யாரும் தைக்கவில்லை. மகளிடம் சொல்லுங்கள்: ஸ்வெற்றரோடு போட்டுப் பார்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். தோளில் இறுக்கினால், அல்லது முதுகு வெளியே தெரிந்தால், எவ்வளவு வடிவாக இருந்தாலும் திருப்பிக் கொழுவிவிட வேண்டும்.

புதிதுதான் வேண்டும் என்றில்லை. வால்யூ விலேஜ் போன்ற பழைய உடுப்புக் கடைகளில், புதிதாக வாங்கினால் பல நூறு டொலர் ஆகிற வாத்துத்தூவிக் கோட்டுகள் அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். பிறத்தியார் போட்டதா என்று நம்மவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள்; நடுங்கிக்கொண்டு நிற்பதில் என்ன மானம் இருக்கிறது? கோட்டை இரண்டு கைக்குள்ளும் வைத்து அமுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல தூவி உடனே உப்பி எழும்பும். கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டால், தோய்த்தவர்கள் சரியாகக் காயவிடவில்லை என்று அர்த்தம். சிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்ப்பதும் அவசியம், சிப் மாற்றுகிற கூலி கோட்டின் விலையை விடக் கூடிவிடும்.

உங்கள் மகள் சின்ன உடம்புக்காரி என்றால் பெரிய கடைகளில் பிள்ளைகள் பகுதிக்கும் போகட்டும். அங்கே விலையும் குறைவு, வரியும் குறைவு. ஒன்ராறியோவில் உடுப்புக்கு 13 வீத விற்பனை வரி. பெண்பிள்ளைகளின் 16ஆம் அளவு வரையான உடுப்புக்கு 5 வீதம் மட்டும்தான்.

சப்பாத்தில் மட்டும் காசு பார்க்கக் கூடாது. தடித்த மேஸ் போட்ட பிறகும் விரல்களை ஆட்ட இடம் இருக்க வேண்டும், இறுக்கிப் பிடித்தால் இரத்தம் ஓடாமல் கால் விறைத்துப் போகும். கைக்கு, விரல் விரலாகப் பிரிந்த உறையை விட நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கிற உறையே சூடு.

பொங்கலுக்குச் சீலை உடுத்துக் கோயிலுக்குப் போக ஆசைப்படுவாள். தடையே இல்லை, பாவாடைக்குள் தேர்மல் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் கைப்பையில் இன்னொரு சோடி மேஸ் இருக்கட்டும். சப்பாத்துக் கழற்றுகிற இடமெல்லாம் உருகிய ஸ்னோத் தண்ணீர் நிற்கும், அதில் ஒரு கால் வைத்தால் பூசை முடியும்வரை ஈர மேஸோடுதான் நிற்க வேண்டும்.

பெப்ரவரி கடைசியில் குளிர் உடுப்புகளைக் கழிவு விலைக்குத் தள்ளுவார்கள், நல்ல கோட்டை அப்போது வாங்கலாம். அதுவரைக்கும் என்னுடைய பழைய கோட் ஒன்று இருக்கிறது. விமானம் வருகிற நாளை எழுதுங்கள், கொண்டுபோய் விமான நிலையத்திலேயே கொடுக்கிறேன்.