என் நிறத்தில் ஒரு பவுடர்

'நேச்சுரல் லுக்' வேண்டும் என்று கவுன்டரில் கேட்டால், என்னைப் போன்ற கறுத்த பெண்ணுக்கு எடுத்துத் தருவது பெரும்பாலும் அவளைவிட இரண்டு ஷேட் வெளுத்த காம்பாக்ட்தான். "இது போட்டா பளிச்சுனு இருக்கும் மேடம், ஆனா மேக்கப் போட்டதே தெரியாது." அதாவது, நான் பிறந்ததே வேறு நிறத்தில் என்று ஊர் நம்ப வேண்டும். சொன்ன பெண்ணும் என் நிறம்தான். அவள் முகம் கழுத்தோடு ஒட்டாமல் தனியாக நின்றது.

எங்கள் வீட்டில் பவுடர் என்றால் டால்கம்தான். உள்ளங்கையில் கொட்டி, இரண்டு கையாலும் தேய்த்து, முகத்தில் ஒரே அப்பு. பள்ளிக்கூட பஸ் வருவதற்குள் வியர்வை அதில் கோடு போட்டிருக்கும். "மாவு மில்லுலேருந்து வர்றியா?" என்ற கேலி எனக்குப் பாதி பெயர் மாதிரி.

டால்க் ஒரு மெத்தென்ற கனிமம். எண்ணெயை உறிஞ்சும், அவ்வளவுதான் அதன் வேலை. முகப் பவுடருக்கு வெண்மை தருவது பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகள் அதில் சேரச்சேரத்தான் தோல் நிறம் வரும். வெள்ளை தூக்கலாக இருந்தால் கறுத்த தோலில் சாம்பல் பூக்கும். செம்மண்ணைச் சிவக்க வைப்பதும் இரும்பு ஆக்சைடுதான். மூலப்பொருளுக்கு எந்தப் பஞ்சமும் இல்லை. ஆனாலும் 2017இல் ஃபென்டி பியூட்டி 40 ஷேடுகளில் ஃபவுண்டேஷன் கொண்டுவந்தபோது அது உலகச் செய்தியானது.

இப்போது நான் பவுடரைப் புறங்கையில் பூசிப் பார்ப்பதில்லை. தாடையோரம் ஒரு கோடு இழுத்து, கடைக்கு வெளியே வந்து, வெயிலில் பார்க்கிறேன். கோடு காணாமல் போனால் அது என் ஷேட். ரோஸ் சாயல் என் மஞ்சள் கலந்த மாநிறக் கறுப்புக்கு ஆகாது. நிறமே இல்லாத டிரான்ஸ்லூசென்ட் பவுடர் எல்லோருக்கும் பொருந்தும் என்பார்கள். கல்யாண போட்டோ ஃப்ளாஷில் அதுவே வெள்ளைத் திட்டாக விழலாம்.

போடுவதற்கு முன் டிஷ்யூவால் வியர்வையை ஒற்றி எடுத்துவிட வேண்டும். ஈரத்தின் மேல் போட்டால் திட்டுத்திட்டாகும். பஃப்பில் கொஞ்சம் எடுத்து, புறங்கையில் தட்டி, நெற்றி, மூக்கோரம், மோவாய் மட்டும் அழுத்தி ஒற்றினால் போதும். தேய்க்கக் கூடாது. கண்ணுக்குக் கீழே மிச்சம் மீதி போதும். அதிகமானால் சுருக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கன்னத்தை நான் தொடுவதே இல்லை. அந்த மினுமினுப்பு என்னுடையது, அதை ஏன் அணைக்க வேண்டும்? கடைசியில் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக ஒரு தடவு, பூனைமுடி படிந்துவிடும்.

போன மாதம் ஒரு வளைகாப்பில் அத்தை என்னைப் பார்த்ததும், "ஏண்டி, விசேஷத்துக்கு ஒரு பவுடர்கூடப் போடாம வந்திருக்க?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அத்தையும் என் நிறம்தான். என் காம்பாக்டை எடுத்து அவர் நெற்றியில் ஒற்றி, கண்ணாடியைக் காட்டினேன். இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"போட்ட மாதிரியே இல்லயே."

அது பாராட்டு இல்லை. முந்தானையால் நெற்றியைத் துடைத்துவிட்டு, கைப்பையிலிருந்து தன் டப்பாவை எடுத்தார். மூடியில் 'ஐவரி' என்று போட்டிருந்தது.