உரைத்தாம் என்றல்

'கூறியது கூறல்' குற்றம் என்று இருபது ஆண்டுகளாக, ஒரே குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கூறியதையே கூறி வருகிறோம். நூலுக்கு ஆகாதவை எனப் பவணந்தியார் நன்னூலில் எண்ணும் பத்துக் குற்றங்களில் அதுவும் ஒன்று. அவர் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளில் 'உரைத்தாம் என்றல்' என்றொன்று உண்டு. முன்னர்ச் சொன்னதை மீண்டும் விரிக்காமல், அங்கே சொல்லிவிட்டோம் என்று சுட்டிக் கடந்துபோவது. இவையெல்லாம் இலக்கணத்தாரின் தனிச்சொத்து என்றே சென்ற மாதம் வரை எண்ணியிருந்தோம்.

பொறியியல் படிக்கும் மகன் தேர்வுக்காகக் கம்பைலர் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். திருவொற்றியூர்த் தேரடியை ஒட்டிய சிறிய வீடு; ஒருவர் படித்தால் மூவர் கற்க வேண்டியதுதான். நாம் எழுதும் நிரலை எந்திரமொழிக்குப் பெயர்க்கும் மென்பொருள்தான் கம்பைலர். 'அ × ஆ' என்னும் பெருக்கல் மூன்று வரிகளில் வந்தால், அது முதல் வரியில் ஒருமுறை பெருக்கி விடையைத் தனியே வைத்துக்கொள்ளும். மற்ற இரு வரிகளிலும் அவ்விடையையே எடுத்து இடும். உரைத்தாம் என்றலேதான்! சோவியத் அறிஞர் எர்ஷோவ் 1958லேயே இதற்கொரு வழி எழுதியிருக்கிறார். ஐபிஎம் நிறுவனத்தின் ஜான் காக் 1970ல் அதை நிரல் முழுமைக்கும் விரித்தார்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இடைப்பட்ட எந்த வழியிலும் அ-வோ ஆ-வோ புதுமதிப்புப் பெற்றிருக்கக் கூடாது. ஒரு வழியில் மாறியிருந்தாலும் பழைய விடையை நம்ப இயலாது.

சில வழிகளில் மட்டும் முன்பே கணித்திருந்தால்? 1979ல் மோரெல், ரென்வாஸ் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் இதற்கு விடை கண்டனர். அதைச் செம்மைப்படுத்தியவர்களுள் மும்பை ஐஐடியின் தாம்தேரேயும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஸ்ரீகாந்த் முதலியோரும் உண்டு என்று மகன் பெருமையோடு சொன்னான். நமக்குப் புரியவில்லை. அவன் நம் ஊரையே எடுத்துக்கொண்டான். "எண்ணூர்லேருந்து ராயபுரம் வர ரெண்டு ரோடு இருக்குல்லப்பா? கடலோர ரோட்டுல மட்டும் எடைமேடை இருக்குன்னு வச்சுக்கோங்க. நெடுஞ்சாலை வழியா வர்ற லாரிக்கு எடை இல்ல. அதனால ராயபுரம் வாசல்ல எல்லா லாரியையும் எடை போடணும். பாதி லாரிக்கு ரெண்டாவது தடவை. நெடுஞ்சாலையிலயும் ஒரு மேடை வச்சுட்டா, வாசல்ல இருக்கிறத எடுத்துடலாம். எந்த லாரிக்கும் ஒரு எடைதான்."

நாற்காலியில் கண்மூடியிருந்த அப்பா அப்போது கேட்டார்: "நடுவுல சரக்கு எறக்கலைன்னு யாரு பாத்தா?"

மகன் வியந்து போனான். நமக்கு வியப்பில்லை, வேறொன்று நினைவுக்கு வந்தது.

அப்பா ராயபுரத்தில் ஒரு கிடங்கில் கணக்கெழுதியவர். மூட்டையின் எண்ணிக்கையை எடையால் பெருக்கிய தொகை மூன்று இடங்களில் வேண்டும்: வரவுப் பதிவேடு, கிடங்கு வாடகை, சுமைதூக்குவோர் கூலி. அவர் ஒருமுறை பெருக்கித் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்வார். 1980களின் பிற்பகுதியில் ஒருநாள், காலையில் 240 மூட்டைகள் இறங்கின, மூட்டைக்கு 50 கிலோ. ஓரத்தில் 12,000 என்று குறித்தார். பிற்பகலிலும் 240 மூட்டைகள். ஓரத்துத் தொகையையே கூலிச்சீட்டில் எழுதினார். ஆனால் பிற்பகல் வந்தவை 75 கிலோ மூட்டைகள். சுமந்தது 18,000 கிலோ. ஆறு டன்னுக்குக் கூலி இல்லை.

இரவு மேஸ்திரி வீட்டு வாசலுக்கு வந்தார். சண்டையிடவில்லை. "சாமி, இன்னிக்குத் தோள் சொல்ற கணக்கு வேற" என்றார். அப்பா விளக்கடியில் அமர்ந்து மறுபடி பெருக்கினார். ஒப்பமிட்ட சீட்டைத் திருத்த முடியாது என்று மேலிடம் கைவிரித்துவிட்டது. விடுபட்ட கூலியை அப்பா தம் சம்பளத்திலிருந்து கொடுத்தார். அம்மாதம் நம் பள்ளிக்கட்டணம் தாமதமாயிற்று.

அதன்பின் ஓய்வுபெறும்வரை ஒவ்வொரு தொகையையும் மூன்று இடத்திலும் மூன்று முறை பெருக்கினார். இருட்டிய பிறகே வீடு திரும்புவார். அம்மா சலித்துக்கொள்வார். நாமும் வளர்ந்தபின் அதைப் பயந்தவரின் பழக்கம் என்றே கருதினோம், ஓரிருமுறை சிரித்துமிருக்கிறோம்.

அன்றிரவு மகனிடம் கேட்டோம்: "இடையில் மாறியதா இல்லையா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் கம்பைலர் என்ன செய்யும்?"

"சந்தேகம் இருந்தா திரும்பக் கணக்குப் போட்டுடும்பா. நேரம் போனாலும் பரவாயில்லை, தப்பு வரக்கூடாது."

அப்பாவைப் பார்த்தோம். உறங்கிவிட்டிருந்தார். அவர் செய்தது கூறியது கூறல் அன்று என்று சொல்ல நமக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. காலையில் சொன்னோம். "அதெல்லாம் பழைய கதை" என்று காப்பியை வாங்கிக்கொண்டார்.

கல்லூரிக்குப் புறப்படுகையில் குறிப்பேட்டை எடுத்தோம். முதல் பக்கத்தில் 2004 என்றிருந்தது. எழுதியிருப்பவை எவையும் பிழையல்ல. ஆனால் எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அன்று அமர்ந்திருந்தவர்கள் அல்லர். இருபதாண்டுகளாக ஓரத்துத் தொகையையே எடுத்து எழுதி வந்திருக்கிறோம். கேட்க எந்த மேஸ்திரியும் வாசலுக்கு வரவில்லை.

குறிப்பேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுச் சென்றோம். அன்றைய வகுப்பில் இருமுறை தடுமாறினோம்.