மூன்று கானா

தம்பியின் மனைவி லக்னௌவைச் சேர்ந்தவர். அவருடைய தாயார் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, நூலைப் பார்த்துக் கற்ற இந்தியில் 'சாப்பிட்டீர்களா' என்று கேட்டேன். அந்த அம்மாள் பண்போடு தலையசைத்தார். ஏழு வயதுத் தம்பி மகள்தான் விழுந்து விழுந்து சிரித்தாள்: "பெரியப்பா, ஒத்தைக்கண்ணனைச் சாப்பிட்டாச்சான்னு கேக்குறீங்க!"

உணவு, பாட்டு, ஒற்றைக்கண்ணன் மூன்றுக்கும் இந்தியில் முதல் மெய் மட்டுமே வேறு. தமிழில் எழுதினால் மூன்றும் 'கானா'. பாட்டை ஒருவாறு பிரித்துவிட்டேன். காந்தி, கங்கை என்று கேட்டுப் பழகிய செவி. உணவும் ஒற்றைக்கண்ணனும்தான் பிரியவில்லை. குழந்தை பத்து முறை சொல்லிக் காட்டினாள். பத்து முறையும் எனக்கு ஒன்றாகவே கேட்டது. வகுப்பில் ஒலியியல் நடத்துகிறவனுக்கு அது சிறிய அவமானம் அன்று.

காரணம் தேடிப் படித்தேன். கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீசும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதங்களில் இந்தியின் தகரத்தையும் டகரத்தையும் பிரித்தறிந்தன. ஓராண்டு நிறைவதற்குள் பெரும்பாலானவை அதை இழந்திருந்தன. எஸ்தோனிய மொழியின் ஓர் உயிரொலி பின்னிய மொழியில் இல்லை. அவ்வொலிக்கு எஸ்தோனியர் மூளையில் எழும் மின்னலை பின்லாந்தினரிடம் வலுக்குன்றியிருந்ததை 1997இல் அளந்து காட்டினார்கள். கேட்பவர் கவனம் செலுத்தாதபோதும் எழும் அலை அது. மனம் வைத்தால் கேட்கும் என்று மாணவரிடம் சொல்லி வந்த எனக்கு இது உறைத்தது.

ஆனால் கதவு அடைபட்டுவிடவில்லை. ஆங்கில ரகர லகரங்களைப் பிரிக்க இயலாத ஜப்பானியருக்கு, அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தார் பல குரல்களில் சொற்களைக் கேட்கவைத்து, விடை சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிவித்துச் சில வாரங்கள் பயிற்றினார்கள். 1991இல் வந்த முடிவு: தேறினார்கள். ஒரே குரலில் பயின்றவர்களோ புதிய குரல் வந்ததும் தடுமாறினார்கள். இன்னொரு வியப்பு, கேட்க மட்டுமே பயின்றவர்களின் உச்சரிப்பும் திருந்தியிருந்தது.

லக்னௌ உறவினர் ஆறு பேர் சொற்களைப் பதிந்து அனுப்பினார்கள். இரவில் இருபது நிமிடம் கேட்பேன். என் விடைக்குக் குழந்தை தலையசைப்பாள், அல்லது உதட்டைப் பிதுக்குவாள். மூன்றாம் வாரத்தில் ஒருநாள், ககரத்தின் பின்னே மெல்லிய மூச்சொன்று கேட்டது. பிறகு கேட்காமலிருக்க முடியவில்லை. ('வீடு' என்பதற்கான இந்திச் சொல்லின் முதலெழுத்து இன்னும் பிடிபடவில்லை.)

தொல்காப்பியப் பிறப்பியல் ஒலி வாயில் பிறக்குமிடத்தைச் சொல்வது. நானும் நாவைக் காட்டியே ழகரம் கற்பித்து வந்தேன். மதுரைப் பக்கத்து மாணவி ஒருத்தி 'வழி'யை 'வளி' என்றே சொல்வாள். சென்ற பருவத்தில் வகுப்பு முழுவதும் பார்த்திருக்க, அவளை நிற்கவைத்து இருபது முறை சொல்லச் செய்தேன். கண் கலங்கிவிட்டாள்.

போன வாரம் அவளை அழைத்து, வாயசைவு தெரியாமல் முகத்தைத் தாளால் மறைத்துக்கொண்டு, வலி, வழி, வளி என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். வலியைத் தவறாமல் சொன்னாள். மற்றவை ஊகந்தான். "ரெண்டும் ஒண்ணாத்தான் ஐயா கேக்குது" என்றாள். இதைக் கேட்க எனக்கு இத்தனை ஆண்டுகள் தோன்றவில்லை.

இப்போது அவளுக்காகக் குரல்கள் சேகரிக்கிறேன். ழகரம் தெளிவாக ஒலிப்பவர் நால்வர் கிடைத்திருக்கிறார்கள். என் குரலைச் சேர்ப்பதா என்றுதான் தயக்கம். அவள் அஞ்சிக் கேட்டுப் பழகிய குரல் அது.