எரிமலைத் தீவுக்கு ஐந்து நாள் பயணம்

சென்ற மாதத்து ஞாயிறொன்றில், இரண்டாம் திருப்பலி முடிந்தபின், பங்கு இல்லத் திண்ணையில் ஒரு நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். எங்கள் பங்கின் நான்கு குடும்பங்களுக்கு, இந்தியப் பெருங்கடலிலுள்ள ரெயூனியன் தீவைப் பார்த்துவர வேண்டுமென்று நெடுநாளைய ஆவல். பிள்ளைகளுக்கு எரிமலை, பெற்றோருக்குக் கடற்கரை, முதியோருக்குத் திருத்தலம். ஐந்தே நாள்களில் இம்மூன்றும் கூடுமா? தாமிரபரணிக் கரையில் அமர்ந்து நாங்கள் வகுத்த திட்டம் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்றெண்ணி இங்கே எழுதுகிறோம்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, பிரான்சு நாட்டைச் சேர்ந்த இத்தீவின் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகளே தீவாயின. பித்தோன் தே நேஜ் என்னும் 3,070 மீட்டர்ச் சிகரம் அடங்கிவிட்டது. தென்கிழக்கிலுள்ள பித்தோன் த லா ஃபூர்னேசோ இன்றும் அடிக்கடி குமுறுகிறது. கரையோரமாகத் தீவைச் சுற்றிவரச் சற்றேறக்குறைய 200 கிலோமீட்டர். பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை போய் மீளும் தொலைவுதான். "அப்படியானால் ஒரே நாளில் சுற்றிவிடலாமே, சாமி" என்றான் ஓர் இளைஞன். சுற்றலாம், பார்க்க இயலாது.

முதலில் காலத்தைத் தேர்ந்தோம். மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. ஜனவரி முதல் மார்ச் வரை புயல்கள் வரும். 1966 ஜனவரியில் அங்கு ஃபோக்-ஃபோக் என்னுமிடத்தில் 24 மணி நேரத்தில் 182 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழை உலகச் சாதனையாகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த 95 சென்டிமீட்டரே நம் மாவட்டங்களை என்ன பாடு படுத்தியது என்பதை நாம் அறிவோம்.

மொரிசியசு வரை சென்றால், அங்கிருந்து ஏறத்தாழ முக்கால் மணி நேர விமானப் பயணம். ஐரோப்பியப் பயணத்துக்கான ஷெங்கன் விசா இத்தீவுக்குத் தானாகச் செல்லுபடியாகாது; ஆதலால் விதிகளை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். புழங்கும் பணம் யூரோ. வண்டிகள் சாலையின் வலப்புறமாகச் செல்வதால், ஓட்டுநருடன் சிறு வேன் அமர்த்துவதே நன்று.

முதல் நாள், விமான நிலையம் அமைந்துள்ள சேந்த்-மரீயிலேயே தொடங்குகிறோம். 1833இல் இத்தீவுக்கு வந்து, அடிமைகளுக்கு மறைக்கல்வி புகட்டி, 1867இல் இறந்த அருளாளர் ஸ்குபிலியோன் சகோதரரின் கல்லறை அங்குள்ளது. 1989 மே 2 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இத்தீவுக்கே வந்து அவரை அருளாளராக உயர்த்தினார். அடுத்துள்ள சேந்த்-அந்த்ரேயில் தமிழர் கோயில்களைக் காணலாம். 1848இல் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழரின் வழித்தோன்றல்கள் அங்கு ஏராளம். பலருக்குத் தமிழ் மறந்துவிட்டது. ஆனால் பிரெஞ்சுப் புனிதரின் பெயருக்குப் பின்னே தமிழ்க் குடும்பப் பெயர் நிற்கிறது.

இரண்டாம் நாள், அருவிகள் நிறைந்த சலாசி மலைப்பள்ளம். மூன்றாம் நாள், சேந்த்-ரோசு வழியாகத் தெற்கே செல்லும் எரிமலைச் சாலை. 2007 ஏப்ரலில் பாய்ந்த குழம்பு இச்சாலையை அறுத்துக் கடலுக்குள் புதுநிலம் படைத்தது. அன்றிரவு தங்குவது சேந்த்-பியேரில். நான்காம் நாள், விடியுமுன் புறப்பட்டு, 2,300 மீட்டருக்கு மேலுள்ள பா த பெல்கோம்பு விளிம்பிலிருந்து எரிமலையைக் காணவேண்டும். முற்பகலிலேயே மேகம் மூடிக்கொள்ளும். கம்பளி ஆடை அவசியம். ஐந்தாம் நாள் மேற்குக் கரை. சுறா மீன்களின் அச்சத்தால், பவளப்பாறைகள் காக்கும் ஆழமற்ற நீரில் மட்டுமே குளிக்க வேண்டும். திரும்பும் வழியில், கப்பலில் வந்த கூலிகளைத் தனியே நிறுத்திவைத்த கிராந்த் ஷலூப்பு மருத்துவக் காவலிடத்தையும் பார்க்கலாம்.

சேந்த்-ரோசில் ஒரு ஆலயம் உண்டு. 1977 ஏப்ரலில் எரிமலைக் குழம்பு ஊருக்குள் பாய்ந்தபோது, அவ்வாலயத்தைச் சூழ்ந்து வாசலோடு நின்றுவிட்டது. இன்று அதற்கு 'எரிமலைக் குழம்பின் அன்னை ஆலயம்' என்று பெயர். அங்கே அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தோம். இதைப் படித்துக் காட்டியபோது, மூலையில் அமர்ந்திருந்த ஆச்சி ஒருவர் கேட்டார்: "கோயில் வாசலோட நின்னுச்சு, சரி சாமி. பக்கத்து வீடெல்லாம் எரிஞ்சுதுல்லா? அந்தச் சனங்களுக்கு மாதா இல்லையா?"

நாங்கள் வாயடைத்துப் போனோம். 2023 வெள்ளத்தில் ஆச்சியின் வீட்டில் கழுத்தளவு தண்ணீர் நின்றது. மேட்டிலிருந்த எங்கள் ஆலயத்துள் ஒரு சொட்டும் நுழையவில்லை. அடுத்த ஞாயிறு மறையுரையில் அதைப் புதுமையென்று போற்றினோம். அன்று ஆச்சி, இரவல் சேலையுடுத்தி, முன்வரிசையில் அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாள்கள் அவர் உண்டதும் உறங்கியதும் அந்த ஆலயத்தில்தான். தப்பிய ஆலயம், தப்பாதவர்கள் வந்து தங்குவதற்கே தப்பியது. அன்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டியது அதுவே. காலம் கடந்தேனும் ஆச்சியிடம் சொன்னோம். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

முழங்கால் வலியால் ஆச்சி பயணத்துக்கு வரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாய்த் தாளொன்றைக் கொடுத்து, "வீடு எரிஞ்சவங்களுக்காக அங்க ஒரு மெழுகுதிரி ஏத்துங்க, சாமி" என்றார்.

திட்டத்தைத் திருத்தினோம். சேந்த்-ரோசுக்கு இப்பொழுது அரை நாள்.