மூன்றில் ஒரு பங்கு பருமன்

மலேசியாவின் திரிங்காப்பில் ஆண்டிறுதி மழை பிடித்துக்கொண்டால் பையன்களை வெளியே விட முடியாது. அப்படி ஒரு மழை நாளில் அக்கா மகன் கவுண்டர் ஸ்டிரைக் 1.6 ஆடிக்கொண்டிருந்தான். ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய கணினி. அதற்கு ஜோடியாக யாரோ கொடுத்த 22 அங்குல அகல மானிட்டர். திரையின் இடது மேல் மூலையில் வட்டமாக இருக்க வேண்டிய ரேடார் முட்டையாகப் படுத்திருந்தது. துப்பாக்கி ஏந்தியவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் பத்துக் கிலோ ஏறியவர்களைப் போல இருந்தார்கள்.

“மானிட்டர் கெட்டுப்போச்சா மாமா?”

கெடவில்லை. அவனுடைய பள்ளி ரூலரை வாங்கி ரேடாரின் மேல் வைத்தேன். உயரத்தைவிட அகலம் சரியாக மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதாவது நாலுக்கு மூன்று. பழுதாக இருந்தால் கணக்கு இவ்வளவு துல்லியமாக வராது. விளையாட்டின் அளவு 800க்கு 600 புள்ளிகள். மானிட்டரின் அளவு 1920க்கு 1080. அகலவாட்டில் 2.4 மடங்கு, உயரவாட்டில் 1.8 மடங்கு இழுத்திருக்கிறார்கள். 2.4ஐ 1.8ஆல் வகுத்தால் 1.333. இந்த 1.333 எங்கிருந்து கிளம்பி திரிங்காப் வரைக்கும் வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

அதற்கு முன் அவனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கணினியில் இருந்தது இன்டெல் கிராபிக்ஸ். அதன் அமைப்புப் பலகத்தில் ‘மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ’ என்று ஒரு தேர்வு உண்டு. ஆனால் மானிட்டர் தன் முழு அளவில் ஓடும்போது அது கண்ணிலேயே படாது. முதலில் டெஸ்க்டாப்பை 800க்கு 600 ஆகக் குறைக்க வேண்டும்; அப்போதுதான் தேர்வு தலைகாட்டும். அதை அமைத்துவிட்டுப் பழைய அளவுக்குத் திரும்பலாம். என்விடியா அட்டைக்காரர்களுக்கு இவ்வளவு கண்ணாமூச்சி இல்லை. கண்ட்ரோல் பேனலில் டெஸ்க்டாப் அளவும் இடமும் சரிசெய்யும் பக்கத்தில் ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’வைத் தேர்ந்து, ஸ்கேலிங் வேலையை (படத்தைப் பெரிதாக்கும் வேலை) ஜிபியூவிடம், அதாவது கிராபிக்ஸ் அட்டையிடம், ஒப்படைத்து, விளையாட்டுகளின் சொந்த விருப்பத்தை மீறும் பெட்டியையும் டிக் செய்துவிட வேண்டும். ஏஎம்டியில் ஜிபியூ ஸ்கேலிங்கை முடுக்கிவிட்டு ‘பிரிசர்வ் ஆஸ்பெக்ட் ரேஷியோ’.

படம் நடுவில் 1440க்கு 1080 அளவில் வந்து நின்றது. இரு பக்கமும் 240 புள்ளி அகலத்தில் கறுப்புப் பட்டை. ரேடார் வட்டமானது.

பையனுக்குத் திருப்தி இல்லை. “புரோ பிளேயருங்க நெறைய பேரு வேணும்னே ஸ்டிரெட்ச்லதான் ஆடுறாங்க மாமா” என்றான். அவன் சொன்னது உண்மை. எதிரியின் உடம்பு அகலமாகத் தெரிந்தால் குறிவைக்க எளிது என்று நம்பித்தான் கவுண்டர் ஸ்டிரைக் போட்டியாளர்கள் பலர் 4:3 படத்தை இழுத்து வைத்துக்கொள்கிறார்கள். எதிரி அகலமாவது போலவே திரையைக் கடக்கும் வேகமும் கூடும் என்பதை அவனிடம் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மானிட்டர் ஏன் கேட்காமலேயே இழுக்கிறது? பக்கத்து ஊர் பிரிஞ்சாங்கின் சைபர் கஃபேக்களில் நாங்கள் ஆடிய காலத்துப் பெட்டி மானிட்டர்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த விஜிஏவில், படத்தின் வடிவம் என்ன என்ற சேதி கேபிளில் போவதே கிடையாது. ஒரு வரி எப்போது முடிகிறது, ஒரு படம் எப்போது முடிகிறது என்ற நேரக் குறிப்பும் மூன்று நிறங்களின் அளவும் மட்டும்தான் போகும். எலெக்ட்ரான் கற்றை கண்ணாடியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கோடு போடும். 640 புள்ளி வந்தாலும் 800 வந்தாலும் கண்ணாடி நிறையும். கண்ணாடி 4:3 என்பதால் படமும் 4:3. வடிவம் கண்ணாடியில்தான் இருந்தது.

எல்சிடி வந்ததும் நிலைமை தலைகீழ். அதில் எண்ணி வைத்த புள்ளிகள் மட்டுமே. சிறிய படம் வந்தால் மானிட்டருக்குள் இருக்கும் ஸ்கேலர் சில்லோ, கிராபிக்ஸ் அட்டையோ அதைப் பெரிதாக்கித் தர வேண்டும். எப்படிப் பெரிதாக்குவது? மானிட்டர் தன் அளவை சென்டிமீட்டரில் கணினிக்குச் சொல்லும் ஏற்பாடு 1994இலேயே வெசா அமைப்பின் இடிஐடி தரத்தில் வந்துவிட்டது. விளையாட்டு எழுதியவர்களுக்கு அதைக் கேட்கும் அவசியம் அன்றைக்கு இருக்கவில்லை; உலகம் முழுக்க ஒரே வடிவம். விண்டோஸ் எக்ஸ்பியில் திரை அளவை மாற்றும் நிரலுக்கு மூன்றே தேர்வுகள்தான் கொடுத்திருந்தார்கள்: வழக்கம்போல் விடு, நடுவில் வை, இழுத்து நிரப்பு. விகிதம் கெடாமல் பெரிதாக்கு என்ற நாலாவது வழி அந்தப் பட்டியலிலேயே இல்லை. என்னைக் கேட்டால், குற்றவாளிகளில் முதல் ஆள் இந்தப் பட்டியல்தான்.

சரி, கண்ணாடி ஏன் 4:3? தொலைக்காட்சியைப் பார்த்துக் கணினி எடுத்துக்கொண்டது. 1963 டிசம்பர் 28இல் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியபோது வந்ததும் அந்த வடிவம்தான். தொலைக்காட்சி அதைச் சினிமாவிடமிருந்து வாங்கியது. சினிமாவுக்குக் கொடுத்தவர், எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டபிள்யூ. கே. எல். டிக்சன். ஈஸ்ட்மன் நிறுவனத்தின் 70 மில்லிமீட்டர் பிலிமை அவர் நீளவாட்டில் இரண்டாகக் கிழித்தார். 35 மில்லிமீட்டர் பிலிம் பிறந்தது. இழுத்துச் செல்ல இரு ஓரமும் துளை போட்ட பிறகு படத்துக்கு மிஞ்சியது ஏறக்குறைய ஓர் அங்குல அகலம். ஒரு சட்டத்துக்கு நான்கு துளை என்று அவர் வைத்ததால் உயரம் முக்கால் அங்குலம். ஒன்றுக்கு முக்கால், நாலுக்கு மூன்று. நான் ரூலரில் பார்த்த கணக்கு 1890களின் தொடக்கத்தில், பிலிம் துளையில் தொடங்கியிருக்கிறது.

தொலைக்காட்சி அதே வடிவத்தில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் சினிமா மிரண்டது. வீட்டில் கிடைக்காததைக் காட்ட வேண்டுமே. 1953இல் ‘தி ரோப்’ படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. பிரெஞ்சுக்காரர் ஹென்றி கிரெத்தியென் உருவாக்கிய லென்ஸ், அகலக் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி அதே 35 மில்லிமீட்டர் பிலிமில் அடைக்கும். திரையரங்கில் எதிர் லென்ஸ் அதை இருமடங்காக விரிக்கும். தமிழுக்கு அது 1973இல், சிவாஜி கணேசன் நடித்து ஏ. பி. நாகராஜன் இயக்கிய ‘ராஜராஜ சோழ’னில் வந்து சேர்ந்தது. சினிமாஸ்கோப் படங்களைப் பழைய டிவியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: பெயர் ஓடும்போது எல்லாரும் மூங்கில் கழிபோல ஒல்லியாக இருப்பார்கள். எழுத்து வெட்டுப்படக் கூடாது என்று நெருக்கிய படத்தை அப்படியே விட்டிருப்பார்கள். பெயர் முடிந்ததும் உடம்பு தேறும், பக்கங்கள் வெட்டுப்படும்.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. படத்தை நெருக்குவதும் இழுப்பதும் பாவமே இல்லை. சினிமாஸ்கோப்பில் நெருக்கியவருக்கும் விரித்தவருக்கும் இரண்டு மடங்கு என்பது முன்பே தெரியும். நம் விளையாட்டில் ஒரு முனையில் 4:3 என்று நினைத்து வரைந்திருக்கிறார்கள். மறுமுனையில் இருக்கும் மானிட்டருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

அகல மானிட்டரின் 16:9 வடிவம் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவையான கதை. ஜப்பானின் என்எச்கே தன் உயர்தரத் தொலைக்காட்சிக்கு முதலில் வைத்தது 5:3. 1980களில் அமெரிக்காவின் எஸ்எம்பிடிஇ அமைப்பில் இருந்த கெர்ன்ஸ் பவர்ஸ், புழக்கத்தில் இருந்த சினிமா, டிவி வடிவங்களை எல்லாம் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிச் செவ்வகம், எல்லாவற்றுக்கும் பொதுவான உள் செவ்வகம், இரண்டும் ஒரே விகிதத்தில் வந்தன: ஏறக்குறைய 1.77. 4:3க்கும் அகலச் சினிமாவின் 2.35க்கும் பெருக்கல் சராசரி எடுத்தாலும் அதுவேதான் வரும். யாருடைய வடிவமும் அல்லாத, யாருக்கும் அதிகம் நஷ்டம் இல்லாத ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை முழு எண்ணில் எழுதினால் 16:9. நாலின் வர்க்கம் 16, மூன்றின் வர்க்கம் 9. ஆகவே 4:3 படத்தை 16:9 திரைக்கு இழுத்தால் வரும் கோணலும் அச்சாக 4:3. டிக்சனின் துளைக் கணக்கு ஒருமுறை படத்தின் வடிவமாகவும் இன்னொரு முறை பருமனாகவும் வந்து நிற்கிறது.

கணினி மானிட்டர்கள் முதலில் 16:10இல் அகலமாயின. 2008 வாக்கில் டிவிக்கு வெட்டும் அதே 16:9க்கு ஆலைகள் மாறிக்கொண்டன. பழைய விளையாட்டுகளை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மானிட்டரைத் திருத்தினால் தீராத இன்னொரு வகைக் கோணல் உண்டு. வார்கிராப்ட் 3 ஞாபகம் இருக்கும். அதிலிருந்து பிறந்த டோட்டாவில் பைத்தியம் பிடித்து அலைந்த தலைமுறைக்கு மறக்காது. அதில் 1920க்கு 1080ஐத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனாலும் வீரர்கள் குண்டாகத்தான் வருவார்கள். புள்ளி எண்ணிக்கை மாறினாலும், விளையாட்டுக்குள் இருக்கும் கேமரா உலகை 4:3 சட்டத்தில்தான் பார்க்கிறது. 2018இல் வந்த 1.29 பேட்சில்தான் இது சரியானது. ஹாஃப் லைஃபின் நோய் வேறு: அகலத் திரையில் அது குண்டாக்காது; மேலும் கீழும் வெட்டிவிடும். 25ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2023 நவம்பரில் வந்த புதுப்பிப்பில் அதற்கும் வழி பிறந்தது.

இப்படிப் பேட்ச் வராத விளையாட்டுகளுக்கு ரசிகர்கள் கண்ட வழியில்தான் என் தேடலின் சிறந்த பரிசு கிடைத்தது. அவர்கள் விளையாட்டின் இஎக்ஸ்இ கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து ‘ஏபி ஏஏ ஏஏ 3எஃப்’ என்ற நான்கு பைட்டுகளைத் தேடுகிறார்கள். 1.333 என்ற தசம எண்ணைக் கணினி எழுதி வைக்கும் விதம் அது. அதை ‘39 8ஈ ஈ3 3எஃப்’ என்று மாற்றினால் 1.777; அதாவது 16:9. டிக்சனை எடுத்துவிட்டுப் பவர்ஸை உட்கார வைக்கிறோம். எல்லா விளையாட்டிலும் பலிக்காது. அதே பைட்டுகள் வேறு வேலைக்கும் இருக்கலாம். கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு கை வையுங்கள். இணையத்தில் பலரோடு ஆடும் விளையாட்டில் கை வைக்கவே வேண்டாம். ஏமாற்று வேலை என்று தடை விழும்.

டாஸ் காலத்து விளையாட்டுகளில் வேறொரு பொறி இருக்கிறது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, 1993இன் டூம் எல்லாம் 320க்கு 200. வகுத்துப் பார்த்தால் 16:10. விகிதத்தைக் காப்பாற்று என்று கிராபிக்ஸ் அட்டையிடம் சொன்னால் அது சமர்த்தாக 16:10ஐக் காப்பாற்றும், இளவரசன் குள்ளமாவான். அன்றைய 4:3 கண்ணாடியில் ஒவ்வொரு புள்ளியும் 5 பங்கு அகலம், 6 பங்கு உயரம் என்று நின்றது. வரைந்தவர்களும் அதே கண்ணாடியைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். ஆகவே டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ‘ஆஸ்பெக்ட்’ என்ற வரியை ‘ட்ரூ’ ஆக்க வேண்டும். விண்டோஸ் 98 காலத்துச் சரக்குக்கு டிஜிவூடூ 2, பழைய டைரக்ட்டிரா விளையாட்டுகளுக்கு சிஎன்சி-டிடிரா. இரண்டும் இலவச நிரல்கள், இரண்டிலும் விகிதம் காக்கும் தேர்வு உண்டு.

இவ்வளவு பாடு எதற்கு என்பவர்கள் புதுப்பித்த பதிப்பை வாங்கலாம். 1999இன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2க்கு 2013இல் எச்டி பதிப்பும் 2019இல் டெஃபினிட்டிவ் பதிப்பும் வந்துவிட்டன. 2022இல் வந்த அதன் கூடுதல் தொகுப்பில் ராஜேந்திர சோழனின் படையெடுப்பையே ஆடலாம். அப்பன் ராஜராஜன் சினிமாஸ்கோப்பில் வந்தான், மகன் அகல மானிட்டரில் வந்திருக்கிறான். அவன் படையெடுத்த கடாரம் நம் மலேசியப் பக்கம் என்பதால் எனக்கு அதில் ஒரு தனி ருசி.

இந்தத் தேடலுக்குப் பிறகு என் கண் கெட்டுவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் கூடத்து டிவியைத்தான் முதலில் பார்க்கிறேன். பெரும்பாலும் எம்.ஜி.ஆர். கன்னம் உப்பி, பத்மினி இடுப்புப் பெருத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டால், “ஸ்கிரீன் முழுசா வருதே, அப்பறம் என்ன?” என்கிறார். காசு கொடுத்து வாங்கிய திரையில் கறுப்புப் பட்டை தெரிந்தால் ஏமாந்த மாதிரி இருக்கிறது நமக்கு. கடைக்காரருக்கும் அது தெரியும், டிவி செய்பவருக்கும் தெரியும். அதனால்தான் பெட்டியைப் பிரித்ததுமே எல்லாம் இழுவையில் இருக்கிறது. என் தீர்ப்பு இதுதான்: கறுப்புப் பட்டை நஷ்டமே இல்லை; அங்கே எடுத்தவர் எதையும் எடுக்கவில்லை.

இன்று இரவு பழைய படம் ஓடும்போது காட்சியில் வரும் கார் சக்கரத்தைப் பாருங்கள். அது முட்டையாக இருந்தால் ரிமோட்டில் படத்தின் அளவை 4:3க்கு மாற்றுங்கள். வீட்டுப் பெரியவர்கள் முதலில் திட்டுவார்கள். அடுத்த பாட்டு முடிவதற்குள் பழகிவிடும்.