ஈயமும் தக்கையும்

எங்கள் ஊர் வீராணம் ஏரிக்கரையில் இருக்கிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு அது வந்தியத்தேவன் குதிரையில் வந்த ஏரி. சென்னை நண்பர்களுக்கு, 2004 முதல் குழாயில் வந்து சேரும் தண்ணீர். எனக்கும் என் நண்பனுக்கும் அது தூண்டில் போடுகிற இடம்.

பத்தாம் வகுப்பு வரை இருவரும் ஒரே பெஞ்சு. பிறகு நான் பாலிடெக்னிக்கில் சிவில் சேர்ந்தேன். அவன் கொத்தனாரிடம் கையாளாகப் போனான். ஒன்றுக்கு ஆறு கலவை என்று நான் நோட்டில் எழுதுகிறேன்; அவன் மண்வெட்டியால் போடுகிறான். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும்.

சென்ற ஆண்டு ரிசல்ட் வந்த அன்று எனக்கு இரண்டு அரியர். அதில் ஒன்று ஹைட்ராலிக்ஸ். ஏரிக்கரைப் பையன் தண்ணீர்ப் பாடத்தில் போனான் என்றால் சிரிக்க மாட்டீர்களா?

"ரிசல்ட்டு வந்துடுச்சாமே, என்னப்பா ஆச்சு?" என்று அப்பா கேட்டார்.

"ரெண்டு பேப்பர் அரியர்ப்பா."

"சரி, நல்லாப் படி" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அந்தச் சொல் அவருக்குப் புரியவில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

சாயங்காலம் நண்பன் மண்புழு டப்பாவோடு வந்தான். கரையிறங்கி, மதகுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தோம். என் தக்கை தண்ணீரில் படுத்தே கிடந்தது. "ஈயம் பத்தல மாப்ள" என்று இன்னொரு குண்டை நரம்பில் கோத்துக் கடித்து இறுக்கினான். தக்கை நிமிர்ந்து, நுனி மட்டும் தெரிய நின்றது. "இன்னொன்னு வச்சா முழுகிடும். இப்பதான் மீன் தொட்டாலே தெரியும்" என்றான். மிதப்பு விசை என்று வகுப்பில் நான் விழித்த பாடம் இதுதானே என்று வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டு ஜிலேபி, ஒரு கெளுத்தி கிடைத்தன. கெளுத்தியை முள் குத்தாமல் பிடிக்க எனக்கு வராது, அவன்தான் கழற்றினான். பேச்சுவாக்கில் அரியர் விஷயத்தைச் சொன்னேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டான். சொன்னேன்.

"அப்ப பெயிலுதானே?"

"மறுபடி எழுதலாம்டா."

"உங்கப்பாகிட்ட இப்படிச் சொன்னியா?"

நான் பதில் சொல்லவில்லை. அவன் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான்: "நான் படிப்ப விட்டப்ப எங்கப்பாவுக்கு எல்லாம் புரிஞ்சுது மாப்ள. அடிச்சாரு. நீ உங்கப்பாவுக்கு அடிக்கக்கூட வழி இல்லாமப் பண்ணிட்டியே."

என் தக்கை முழுகியதை நான் கவனிக்கவே இல்லை. இழுத்தபோது புழு போயிருந்தது.

இருட்டியபின் வீட்டுக்குப் போனேன். அம்மா மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அரியர்னா பெயிலுப்பா. ரெண்டு பாடத்துல பெயிலாயிட்டேன்" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மறுபடி எழுத விடுவாங்களா?"

"விடுவாங்கப்பா."

"பணம் கட்டணுமா?"

"கட்டணும்."

"எப்பன்னு தேதியச் சொல்லு."

அவ்வளவுதான் கேட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹைட்ராலிக்ஸை அடுத்த முறையே எழுதித் தேறிவிட்டேன். மற்றது இன்னும் பாக்கி. அதன் தேதியும் அப்பாவுக்குத் தெரியும். என்னைப்போல் வீட்டில் முதலாவதாகப் படிக்க வந்த நண்பர்களே, நம் வீட்டாருக்குப் புரியாத சொற்களுக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

— மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை